டோக்கனும் குக்கியும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

வெளியூரிலிருந்து மதுரைக்கு வருவோரில் பலர் முதன்முதலாகக் காலடி வைக்கும் இடம் மாட்டுத்தாவணி. மாட்டுச் சந்தையை நினைவூட்டும் அந்தப் பெயர் இன்று பேருந்து நிலையத்தின் பெயராகவே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. 1999-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் இங்கே திறக்கப்பட்டது. பக்கத்திலேயே பூ மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டும் இருப்பதால் இரவு பகல் என்ற வேறுபாடின்றி இந்தப் பகுதி விழித்தே இருக்கிறது.

இங்கே வண்டி ஸ்டாண்டில் நடப்பதைச் சற்றுக் கவனியுங்கள். காலையில் ஒருவர் வண்டியை விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போகிறார். ஸ்டாண்டில் இருப்பவர் அவர் முகத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஓர் எண் போட்ட டோக்கனைக் கொடுக்கிறார்; அந்த எண்ணையும் வண்டி எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்கிறார். இரவில் திரும்பி வரும்போது அங்கே வேறோர் ஆள் இருக்கிறார். ஆயினும் குழப்பம் இல்லை. டோக்கனைக் காட்டினால் வண்டி கிடைக்கிறது. ஆனால் அந்த டோக்கன் கீழே விழுந்து, வேறொருவர் எடுத்துக் காட்டினாலும் வண்டி கிடைத்துவிடும்! ஸ்டாண்டுக்காரருக்குத் தெரிந்தது டோக்கன் மட்டுமே. ஆளை அவருக்குத் தெரியாது.

நாம் இணையத்தில் பயன்படுத்தும் தளங்களில் பெரும்பாலானவை இந்த முறையிலேயே நம்மை அடையாளம் காண்கின்றன. அங்கே டோக்கனுக்குக் குக்கி என்று பெயர். நோட்டில் எழுதும் குறிப்புக்குச் செஷன், அதாவது அமர்வு, என்று பெயர். இவ்விரண்டைப் பற்றியும் எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வகுப்பில் கேட்டதைவிட, நான் செய்த ஒரு தவற்றின் மூலமே இதை நன்றாக உணர்ந்தேன். ஆகவே அந்தத் தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மறதிக்காரச் சர்வர்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989-ஆம் ஆண்டில் வைய விரிவு வலைக்கான திட்டத்தை எழுதினார். ஆய்வுக் குறிப்புகளை ஒருவருக்கொருவர் எளிதாகப் பகிர்ந்துகொள்வதே அதன் முதல் நோக்கம். அதற்கென அவர் வகுத்த எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறை மிக எளிமையானது. உங்கள் கணிப்பொறியில் உள்ள உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும். தொலைவில் உள்ள சர்வர் அதை அனுப்பும். அத்துடன் உறவு முடிந்தது. அடுத்த விநாடியே அதே ஆள் வேறொரு பக்கத்தைக் கேட்டாலும், சர்வரைப் பொறுத்தவரை அவர் புதிய ஆள்தான்.

கட்டுரைகளைப் படிப்பதற்கு இந்த மறதி ஒரு குறையன்று. பார்க்கப்போனால் அதுவே வசதி. யாரையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய சுமை சர்வருக்கு இல்லை. ஆனால் வலைவழியே வணிகம் தொடங்கியபோது சிக்கல் எழுந்தது. ஒருவர் ஒரு பக்கத்தில் சட்டையைத் தேர்ந்தெடுக்கிறார். அடுத்த பக்கத்தில் பணம் கட்ட வருகிறார். சட்டையைத் தேர்ந்தெடுத்தவரும் பணம் கட்ட வந்தவரும் ஒருவரே என்று சர்வர் எப்படி அறியும்?

1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்னும் இளம் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். சர்வர் தன் விடையுடன் ஒரு சிறு எழுத்துத் துண்டையும் சேர்த்து அனுப்பும். உலாவி அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதே தளத்துக்கு மீண்டும் போகும் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிக் காட்டும். கணிப்பொறித் துறையில் இவ்வாறு கைமாறும் அடையாளத் துண்டுக்கு ஏற்கெனவே வழங்கிவந்த ‘மேஜிக் குக்கி’ என்ற பெயரைச் சுருக்கி, இதற்குக் குக்கி என்று பெயரிட்டார். பிஸ்கட்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை. இதன் விதிமுறைகள் 1997-இல் முறையான ஆவணமாக வெளியாயின. பின்னர்த் திருத்தப்பட்டு 2011-இல் புதிய வடிவம் பெற்றன.

டோக்கன் வேறு, நோட்டு வேறு

பெயர், மதிப்பெண், கட்டிய பணம் எல்லாவற்றையும் குக்கியிலேயே எழுதிவிடலாமே என்று தோன்றலாம். அது தவறு. முதலாவதாக, ஒரு குக்கியில் ஏறத்தாழ 4,096 பைட்டுக்கு மேல் கொள்ளாது. இரண்டாவதாக, குக்கி இருப்பது பயனாளியின் கையில். அவர் நினைத்தால் அதைத் திருத்திவிடலாம். டோக்கனிலேயே ‘பணம் கட்டியாயிற்று’ என்று எழுதிக் கொடுத்தால், அதைத் தாமே எழுதிக்கொண்டு வருபவரும் இருப்பார் அல்லவா?

ஆகவே குக்கியில் ஓர் எண் மட்டும் போகிறது. விவரங்கள் அனைத்தும் சர்வரிலுள்ள ‘நோட்டில்’ அந்த எண்ணுக்கு நேரே எழுதப்படுகின்றன. இதுவே செஷன். இந்த எண் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். ஸ்டாண்டில் 101, 102 என வரிசையாகக் கொடுப்பதுபோல் இங்கே கொடுத்தால், அடுத்தவர் எண்ணை எவரும் சொல்லிவிடுவர். குறைந்தது 64 பிட் அளவுக்குத் தற்செயல்தன்மை வேண்டும் என்பது பாதுகாப்பு வல்லுநர்களின் அறிவுரை. 64 பிட் என்றால் சுமார் 1,84,000 கோடி கோடி வாய்ப்புகள். குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்லி அது சரியாக அமைவது நடவாத காரியம்.

கூட்டம் மிகுந்த நாட்களில் ஒரே தளத்துக்குப் பல சர்வர்கள் வேலை செய்யும். இரண்டு வாசல் உள்ள ஸ்டாண்டில் இரண்டு தனித்தனி நோட்டுகள் இருந்தால், வடக்கு வாசலில் டோக்கன் வாங்கியவர் தெற்கு வாசலில் தவிப்பார். எனவே எல்லாச் சர்வர்களும் பார்க்கக்கூடிய ஒரே பொது நோட்டாகச் செஷன்களை வைப்பது வழக்கம்.

நான் செய்த தவறு

கல்லூரி விடுமுறையில் பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள ஓர் இணைய மையத்தில் வேலை பார்த்தேன். மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்தவுடன் கடை நிரம்பி வழியும். மேலூர்ப் பக்கமிருந்தும் சிவகங்கைப் பக்கமிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதே என் வேலை.

ஒரு நாள் மாலை, பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவரின் மகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். மதிப்பெண் பக்கம் வந்தபோது, பட்டியல் அப்பாவின் பையில் இருக்கிறது என்று சொல்லி அந்தப் பெண் மார்க்கெட்டுக்கு ஓடினாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. காத்திருக்க வேண்டாமே என்று, அதே உலாவியில் இன்னொரு தாவலைத் திறந்து, அடுத்து நின்ற பையனின் விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைந்தேன். அவன் வணிகவியல் பிரிவு மாணவன். அவன் மதிப்பெண்களை நிரப்பிச் சேமித்தேன். சான்றிதழ்களை மறுநாள் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனான்.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். முதல் தாவலுக்குப் போனேன். அவள் பெயர் திரையில் அப்படியே இருந்தது. அவள் மதிப்பெண்களை நிரப்பிச் ‘சேமி’ என்ற பொத்தானை அழுத்தினேன். சேமிக்கப்பட்டது என்று வந்தது. அப்பாவுக்குக் கூலி வந்ததும் காலையில் பணம் கட்டுவதாகச் சொல்லி அவளும் போனாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்தப் பையன் வந்து நின்றான். இரவு கைப்பேசியில் தன் விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறான். வணிகவியல் படித்த அவனுக்கு உயிரியலில் மதிப்பெண் இருந்தது! கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

“ஏப்பா, மார்க்கை மாத்திப் போட்டுட்டியா?”

“இல்லண்ணே, பட்டியலைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிச்சேன்.”

“அப்ப சைட்டுலதான் கோளாறு. சரி பண்ணிக் குடுத்து அனுப்பு.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் மதிப்பெண்களைத் திருத்தும்போதுதான் திரையில் இருந்தவை அந்தப் பெண்ணின் மதிப்பெண்கள் என்பது நினைவுக்கு வந்தது. நெஞ்சு திடுக்கிட்டது. அவை இங்கே இருந்தால் அவள் விண்ணப்பத்தில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். கடை நோட்டில் இருந்த எண்ணுக்கு அவள் அப்பாவை அழைத்தேன்.

“என்ன தம்பி, பிள்ளைக்குச் சீட்டு போயிருமா?” என்று அவர் கேட்டார். அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை.

“போகாதுங்கய்யா. சாயந்தரம் வரைக்கும் நேரம் இருக்கு. பிள்ளையை உடனே கூட்டிட்டு வாங்க” என்றேன்.

நல்லவேளையாக இரு விண்ணப்பங்களும் இறுதியாகச் சமர்ப்பிக்கப்படாதவை. இரண்டையும் அன்று மதியத்துக்குள் சரிசெய்துவிட்டோம்.

நடந்தது என்ன?

ஓர் உலாவியில் எத்தனை தாவல்களைத் திறந்தாலும் ஒரு தளத்துக்கான குக்கிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. நான் இரண்டாம் தாவலில் அந்தப் பையனாக நுழைந்த கணத்திலேயே, அந்தப் பெண்ணின் டோக்கன் இருந்த இடத்தில் அவன் டோக்கன் வந்து அமர்ந்துவிட்டது. முதல் தாவலில் அவள் பெயர் தெரிந்தது உண்மைதான். அது முன்பே வந்து நின்ற பழைய படம். சேமி என்று அழுத்தியபோது உலாவி காட்டியது அவன் டோக்கனை. சர்வரும் கேள்வி கேட்காமல் அவன் கணக்கில் எழுதிக்கொண்டது.

கல்லூரி திறந்ததும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு விண்ணப்பத் தளத்தை நானே எழுதி, இரண்டு பொய்க் கணக்குகளைக் கொண்டு சோதித்தேன். இரண்டு தாவல்கள், அதே குழப்பம், அச்சுப் பிசகாமல் நடந்தது. பிறகு படிவத்தில் விண்ணப்ப எண்ணையும் மறைவாக வைத்து, அது செஷனில் உள்ள எண்ணோடு பொருந்தினால் மட்டுமே சேமிக்கும்படி மாற்றினேன். மூன்று வரி நிரல்தான். பொருந்தாவிட்டால் ‘நீங்கள் இப்போது வேறு விண்ணப்பத்தில் இருக்கிறீர்கள்’ என்று அறிவிக்கும். குழப்பம் தீர்ந்தது.

எனவே குற்றம் இரு பக்கமும் இருந்தது. அவசரப்பட்டது நான். ஒரே கணிப்பொறியில் பலர் விண்ணப்பம் போடுவார்கள் என்பதை எண்ணாமல் எழுதப்பட்டது அந்தத் தளம்.

அமைக்க வேண்டிய முறைகள்

செஷனையும் குக்கியையும் எவ்வாறு அமைக்க வேண்டும் என்பதை இனிக் காண்போம். இவற்றில் பெரும்பாலானவை ஒரு வரியில் அமைக்கக் கூடியவை.

முதலாவது, கால அளவு. இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. டோக்கனுக்கு ஒன்று, நோட்டுக்கு ஒன்று. பி.எச்.பி. மொழியில் நாம் எதையும் மாற்றாவிட்டால், உலாவியை மூடும்வரை குக்கி இருக்கும். சர்வரில் உள்ள பதிவையோ, 1,440 விநாடி, அதாவது 24 நிமிடம், தொடாமல் விட்டால் அழித்துவிடலாம் என்பது இயல்பான அமைப்பு. காலத்தைக் கூட்டினால், கடையில் எழுந்து போனவரின் கணக்கு அடுத்தவருக்குத் திறந்து கிடக்கும். குறைத்தால், எழுத்தெழுத்தாகத் தேடி அடிக்கும் ஒருவர் நீண்ட படிவத்தை நிரப்பி முடிப்பதற்குள் வெளியே தள்ளப்படுவார். நம் வீடுகளில் படிவம் நிரப்புவோர் பெரும்பாலும் இரண்டாம் வகையினர். ஆகவே நேரத்தைக் குறைத்து, முடியப்போகும் முன் எச்சரித்து, பக்கம் பக்கமாகச் சேமித்துக்கொள்வதே நல்ல முறை.

இரண்டாவது, உள்ளே நுழைந்தவுடன் புதிய டோக்கன் கொடுப்பது. ஒரு வஞ்சகர் தாம் எண்ணை அறிந்த ஒரு டோக்கனை முன்கூட்டியே உங்கள் கையில் திணித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த எண்ணிலேயே வண்டியை விட்டால், அதே எண்ணைச் சொல்லி அவர் எடுத்துப் போய்விடுவார். கடவுச்சொல் சரி என்று கண்டவுடன் பழைய எண்ணை ஒழித்துப் புதிய எண் கொடுத்தால் இந்த வஞ்சகம் பலிக்காது. தான் கொடுக்காத எண்ணைச் சர்வர் ஏற்காதபடியும் அமைக்க வேண்டும்.

மூன்றாவது, குக்கியுடன் அனுப்பும் மூன்று நிபந்தனைகள். ‘செக்யூர்’ என்று குறித்தால், மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே குக்கி பயணம் செய்யும். இதன் அருமையை உலகுக்கு உணர்த்தியது 2010-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று. அக்டோபர் மாதத்தில் எரிக் பட்லர் என்னும் நிரலாளர் ‘ஃபயர்ஷீப்’ என்ற சிறு கருவியை வெளியிட்டார். பூட்டில்லாத வைஃபையில் இருக்கும் அந்நியர்களின் குக்கிகளைக் காற்றிலேயே பிடித்து, ஒரு சொடுக்கில் அவர்கள் கணக்குக்குள் நுழைய அது உதவியது. கடவுச்சொல் தேவைப்படவே இல்லை. அந்நாளில் பல பெரிய தளங்கள் கடவுச்சொல்லை மட்டும் மறைத்து அனுப்பிவிட்டு, குக்கியைத் திறந்த அஞ்சலட்டைபோல் அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தக் குறையை அம்பலப்படுத்துவதே அவர் நோக்கம்.

‘எச்.டி.டி.பி. ஒன்லி’ என்று குறித்தால், பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் குக்கியைப் படிக்க முடியாது. 2002-இல் மைக்ரோசாஃப்ட் தன் உலாவியில் கொண்டுவந்த ஏற்பாடு இது. பக்கத்துக்குள் எவரேனும் தீய நிரலைப் புகுத்திவிட்டாலும் டோக்கனைக் களவாட இயலாது. ‘சேம்சைட்’ என்பது மூன்றாவது. வேறொரு தளத்தில் உள்ள ஒரு படிவம், உங்களுக்குத் தெரியாமலே உங்கள் டோக்கனோடு உங்கள் வங்கித் தளத்தின் கதவைத் தட்டலாம். அதைத் தடுப்பது இதன் வேலை. 2020 முதல் குரோம் உலாவி, தளம் எதுவும் சொல்லாவிட்டாலும் ஒரு மிதமான தடையைத் தானே விதிக்கத் தொடங்கியது.

நான்காவது, வெளியேறுதல். ‘வெளியேறு’ பொத்தானை அழுத்தினால் உலாவியில் உள்ள குக்கியை அழிப்பது மட்டும் போதாது. சர்வரில் உள்ள நோட்டுக் குறிப்பையும் அடித்துவிட வேண்டும். டோக்கனைக் கிழித்தும் நோட்டில் வரி அப்படியே இருந்தால், அந்த எண்ணைப் படியெடுத்து வைத்திருப்பவர் பிறகும் வரலாம்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

தளத்தை எழுதுவோர் கடமை இவ்வாறிருக்க, பொதுக் கணிப்பொறியில் அமரும் நாமும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். சன்னலை மூடுவது வெளியேறுவதாகாது. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி உலாவி அமைக்கப்பட்டிருந்தால், மூடித் திறந்த பின்னும் பழைய செஷன் உயிரோடு வரும். ஆகவே வெளியேறு பொத்தானை அழுத்திய பிறகே நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

கடையில் இருப்போர் ஒருவர் வேலையை முடித்து வெளியேறிய பின்னரே அடுத்தவரைத் தொடங்க வேண்டும். இருவரை ஒரே நேரத்தில் கவனித்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு வெவ்வேறு உலாவிகளைத் திறக்கலாம். மறைநிலைச் சன்னல் திறந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். குரோம் உலாவியில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மறைநிலைச் சன்னல்கள் தமக்குள் குக்கிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. சாதாரணச் சன்னல் ஒன்று, மறைநிலைச் சன்னல் ஒன்று எனில் தனித்தனி. மறைநிலையில் இரண்டு எனில் அதே பழைய வம்பு.

முடிவுரை

சொந்தக் கணிப்பொறி உள்ள வீட்டில் ஒரு குக்கிக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஆள்தான் இருப்பார். மாட்டுத்தாவணிக் கடையில் ஒரே உலாவிக்கு முன்னால் ஒரு நாளில் நாற்பது பேர் அமர்ந்து எழுகிறார்கள். அவர்களில் பலருக்கு அதுவே குடும்பத்தின் முதல் கல்லூரி விண்ணப்பம். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. எனக்கும் ஒரு கடைக்கார அண்ணன்தான் நிரப்பிக் கொடுத்தார். அன்று அவர் கை பிசகியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

நாளை நம்மில் பலர் இத்தகைய தளங்களை எழுதப் போகிறோம். சர்வருக்கு முகம் தெரியாது என்பதை நாம் மாற்ற முடியாது. ஆனால் பொருந்துகிறதா என்று ஒருமுறை சரிபார்க்கும் அந்த மூன்று வரிகளை எழுதுவது நம் கையில் இருக்கிறது. அந்தப் பெண் இப்போது நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் முதலாண்டு விலங்கியல் படிக்கிறாள். அவள் அப்பாவைப் பூ மார்க்கெட் வாசலில் பார்க்கும்போதெல்லாம், “தம்பி, சாப்பிட்டியா?” என்று கேட்கிறார். எனக்குத்தான் அந்த மூன்று வரிகள் நினைவுக்கு வருகின்றன.